பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு அடிபட்டால் நாம் செய்ய வேண்டியது



முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வருவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். சோப்புப் போட்டுக் கழுவி மருந்து தடவினால் இரண்டு நாளில் ஆறிவிடும். ஆனால் சில நாட்களில் பிள்ளை வேறு மாதிரி வருகிறது. கன்னத்தில் விரல் தடம், காலில் பிரம்புத் தழும்பு. கேட்டால் "கீழே விழுந்துட்டேன்" என்று நம் முகத்தைப் பார்க்காமல் சொல்கிறது. அன்று இரவு வீட்டில் நாம் நடந்துகொள்வதைப் பொறுத்துத்தான், அடுத்த முறை அந்தப் பிள்ளை நம்மிடம் உண்மையைச் சொல்லுமா, மறைக்குமா என்பது இருக்கிறது.

நம் வீடுகளில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. "நீ என்ன சேட்டை பண்ணினே? சும்மாவா அடிப்பாங்க?" என்று பிள்ளையையே கேட்பது ஒன்று. பள்ளியில் சேர்க்கும்போதே "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று சொல்லி ஒப்படைத்த பழக்கத்தின் மிச்சம் அது. மாமா, சித்தப்பா எல்லாரையும் திரட்டிக்கொண்டு போய்ப் பள்ளி வாசலில் சத்தம் போடுவது இன்னொன்று. முதலாவதில் பிள்ளை தனியாக நிற்கிறது. இரண்டாவதில் பிள்ளைக்கு நடந்தது மறைந்து, பெற்றோர் செய்த ரகளைதான் ஊர்ப்பேச்சாகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. காயத்தைப் பார்ப்பது, பிள்ளையை நம்பிக் கேட்பது, நடந்ததை எழுத்தில் கொண்டுவருவது. இந்த வரிசை முக்கியம்.

முதலில் காயம்

யார் தவறு என்ற விசாரணை பிறகு. தலையில் அடிபட்டிருந்தால், வெளியே ரத்தம் இல்லையென்றாலும், இரண்டு நாள் வரை பிள்ளையைக் கவனமாகப் பாருங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் தெளியாத மயக்கத் தூக்கம், பேச்சுக் குழறல், வலிப்பு, கூடிக்கொண்டே போகும் தலைவலி, காதிலோ மூக்கிலோ தண்ணீர் போல வடிவது, இவற்றில் எது தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள், அல்லது உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கை, கால் வீங்கி அசைக்க முடியவில்லை என்றால் எண்ணெய் தேய்த்து நீவ வேண்டாம். எக்ஸ்ரே எடுக்காமல் இறுக்கிக் கட்டுப்போடவும் வேண்டாம். இறுகிய கட்டுக்குள் ரத்த ஓட்டம் நின்று கையே வீணாகிப் போக வாய்ப்புண்டு. வளரும் பிள்ளைகளின் எலும்பு முனையில் ஏற்படும் முறிவைச் சரியாகப் பார்க்காவிட்டால் வளர்ச்சியும் பாதிக்கும்.

விழுந்து முளைத்த நிலையான பல் வேரோடு விழுந்துவிட்டால் அதைத் தூக்கி எறியாதீர்கள். வேரைத் தொடாமல் மேல் பகுதியைப் பிடித்து எடுத்து, பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் கொண்டுபோனால் பெரும்பாலும் திரும்பப் பொருத்த முடியும்.

மருத்துவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று நினைத்து "மாடிப்படியில் விழுந்துட்டான்" என்று சொன்னால், சீட்டில் அதுதான் எழுதப்படும். பிறகு அதை மாற்றுவது கடினம். அடித்ததால் வந்த காயம் என்றால் விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர். பதிவில், அப்படியே எழுதச் சொல்லுங்கள்.

கேட்கும் விதம்

பிள்ளை சாப்பிட்டு, அழுகை அடங்கிய பிறகு கேளுங்கள். "யார் அடிச்சா? மிஸ்ஸா?" என்று நாமே பதிலை எடுத்துக் கொடுக்கக் கூடாது. "என்ன நடந்துச்சு, முதல்ல இருந்து சொல்லு" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். நடுவில் குறுக்கிடாதீர்கள். அத்தா ஒரு தடவை, அம்மா ஒரு தடவை, பாட்டி ஒரு தடவை என்று ஆளுக்கு ஒரு முறை கேட்டால், பிள்ளை பயந்து ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு மாதிரி சொல்லும். பிறகு நாமே அதைப் பொய் என்போம். ஒருவர் கேட்டால் போதும்.

தவறு பிள்ளையுடையதாகவே இருக்கலாம். வீட்டுப்பாடம் எழுதாமல் போயிருக்கலாம். அதை வேறொரு நாள் கண்டிக்கலாம். இன்று "நீ சொன்னது நல்லது, நாங்க பார்த்துக்கறோம்" என்ற ஒரு சொல் போதும்.

எழுதி வையுங்கள்

அன்றிரவே தேதி, நேரம், இடம், பிள்ளை சொன்ன சொற்கள், பக்கத்தில் இருந்தவர்கள் யார் என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். காயத்தைப் படம் எடுத்து வையுங்கள். அதை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். ஆத்திரத்தில் அனுப்பும் படம் ஊரெல்லாம் சுற்றி, பிள்ளை பெரியவனான பிறகும் அவனைத் துரத்தும். இப்படிப்பட்ட வழக்கில் சிக்கிய குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படியும் குற்றம்.

பள்ளிக்குப் போகும்போது

மறுநாள் காலை இரண்டு பேர் மட்டும் போங்கள். பிள்ளைக்கு முன்னால் வாக்குவாதம் வேண்டாம். வகுப்பாசிரியர் சொல்வதையும் முழுதாகக் கேளுங்கள். விளையாட்டுத் திடலில் நடந்த விபத்து என்றால் அங்கேயே தெளிவாகிவிடும். உடைந்த பெஞ்சு, கைப்பிடி இல்லாத படி, வழுக்கும் கழிவறை காரணம் என்றால் அதைச் சரிசெய்யச் சொல்லி எழுதிக் கொடுங்கள். அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்களே இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் கூட்டத்துக்கு நாம் போகாமலேயே குறை சொல்கிறோம்.

அடித்தது உண்மை என்றால் தலைமையாசிரியருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகையுடன் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால் கல்வித் துறையின் 14417 உதவி எண் இருக்கிறது. மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரிடமும் கொடுக்கலாம். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

"புகார் கொடுத்தா டி.சி.யைக் கையில கொடுத்துடுவாங்களே" என்பது பலருடைய பயம். அந்தப் பயத்துக்கு மருந்தும் எழுத்துதான். தேதி போட்ட புகாருக்குப் பிறகு பிள்ளையை வெளியேற்றினால், ஏன் என்று கேட்க நம் கையில் ஆதாரம் இருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது

"அடியாத மாடு படியாது" என்று சொல்லி வளர்ந்தோம். ஆனால் தமிழ்நாட்டின் கல்வி விதிகள் உடல் தண்டனையை 2003-லேயே தடை செய்துவிட்டன. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆம் பிரிவு, அடிப்பதோடு மன உளைச்சல் தருவதையும் தடுக்கிறது. பெயரைச் சொல்லி, மார்க்கத்தைச் சொல்லி, கொண்டுவரும் சாப்பாட்டைச் சொல்லி வகுப்பில் அவமானப்படுத்துவதும் அடிதான். அதையும் புகாரில் எழுதுங்கள்.

இன்னொரு பிள்ளை அடித்திருந்தால் நிதானம் இன்னும் கூடுதலாக வேண்டும். அவனும் ஒரு வீட்டுப் பிள்ளை. தெருவில் வழிமறித்து மிரட்டினால், குற்றம் நம் பக்கம் வந்துவிடும். பள்ளி மூலமாக அவன் பெற்றோரைச் சந்தியுங்கள்.

பேசி முடிக்கக் கூடாதது

பிள்ளையின் உடலை யாரேனும் தவறாகத் தொட்டிருந்தால், அது ஆண்பிள்ளை ஆனாலும் பெண்பிள்ளை ஆனாலும், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் கீழ் வரும். இதை மானம் கருதி மறைப்பதோ, ஜமாஅத்தில் வைத்துப் பேசி முடிப்பதோ கூடாது. தெரிந்தும் தகவல் கொடுக்காமல் இருப்பதே தண்டனைக்குரிய குற்றம். தலைமையாசிரியருக்கும் இது பொருந்தும், ஜமாஅத் நிர்வாகிக்கும் பொருந்தும்.

காவல் நிலையத்துக்குப் பிள்ளையை இழுத்துக்கொண்டு போக வேண்டுமே என்று தயங்குகிறோம். தேவையில்லை. வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலேயே, சீருடை அணியாமல், இயன்றவரை பெண் அதிகாரியே வந்து, பெற்றோர் உடனிருக்கப் பதிவு செய்ய வேண்டும். இரவில் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பெண்பிள்ளையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 1098-ஐ அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் கட்டணமில்லாமல் பேசலாம்.

நம் மதரஸாவும்தான்

பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் பிரம்பெடுத்தால் கொதிக்கிறோம். ஓதப் போன இடத்தில் உஸ்தாது அடித்தால் "ஓதிக் கொடுக்கறவங்க கை பட்டா பரக்கத்து" என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். அந்த வலியில் பிள்ளைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. கல்வி உரிமைச் சட்டம் மதரஸாக்களுக்குப் பொருந்தாது என்பது 2012-இல் வந்த திருத்தம். ஆனால் 2015-இன் இளைஞர் நீதிச் சட்டத்தில் அப்படி விலக்கு இல்லை. பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் எவரும் அதைத் தாக்கித் தேவையற்ற துன்பம் கொடுத்தால், 75-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. பள்ளிக்கும் மதரஸாவுக்கும் வீட்டுக்கும் சேர்த்துத்தான் அது. அடிக்குப் பயந்து மதரஸாவிலிருந்து நின்றுபோன பிள்ளைகள் எத்தனை பேர் என்று நம் மஹல்லாவில் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கலாம்.

புகார் எழுதத் தெரியவில்லை, எந்த அலுவலகம் என்று தெரியவில்லை என்றால், அஸருக்குப் பிறகு நம் அலுவலகத்துக்கு வாருங்கள். மருத்துவச் சீட்டும் நீங்கள் எழுதி வைத்த தாளும் கையில் இருக்கட்டும். எழுதிக் கொடுக்கவும் உடன் வரவும் நாங்கள் இருக்கிறோம். பிள்ளையை அழைத்துவர வேண்டாம். அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கவும் வேண்டாம். உங்களிடம் ஒரு தடவை சொன்னதே அதற்குப் பெரிய பாரம்.

நம் பிள்ளைகள் அனைவரையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.