ஏரியில் இறங்கிய விமானங்கள்: நிலத்தின் பழைய கதையைத் தேடுவது எப்படி?

சாலவாக்கத்திலிருந்து உத்திரமேரூர் போனால், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பாருங்க. குடவோலைத் தேர்தல் விதிகள் 1,100 ஆண்டுகளாக அந்தக் கல்லில் இருக்கின்றன. ஆனால் வெறும் 80 ஆண்டுகளுக்கு முன் நம் வடமாவட்டங்களில் போர் விமானங்கள் இறங்கிய இடங்கள் பலருக்குத் தெரியாது.

1942 ஏப்ரலில் ஜப்பானியக் கடற்படை இலங்கையைத் தாக்க வந்தது. அதை முன்கூட்டியே கண்டு தகவல் சொன்னது, காலி அருகே கொக்கல நீர்நிலையிலிருந்து கிளம்பிய 'கேட்டலினா' விமானம். இந்த வகை விமானத்துக்கு ஓடுதளம் தேவையில்லை. அகலமான, அலையில்லாத நீர்ப்பரப்பு போதும். அதனால்தான் சென்னைக்குக் குடிநீர் தரும் செங்குன்றம் (புழல்) ஏரியும் அந்தப் போரில் கேட்டலினா தளமானது. வங்காள விரிகுடாவைக் கண்காணிக்க இங்கிருந்து விமானங்கள் பறந்தன.

பக்கத்திலுள்ள சோழவரத்தில் தரை ஓடுதளம் இருந்தது. போருக்குப் பின் அது மோட்டார் பந்தயத் தடமானது. பந்தயங்கள் பின்னாளில் இருங்காட்டுக்கோட்டைக்கு மாறின. போர்க்கால விமானத்தளம் இருந்த அரக்கோணத்தில் 1992 முதல் கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி இயங்குகிறது. உளுந்தூர்பேட்டை, செட்டிநாடு, கயத்தாறிலும் அக்கால ஓடுதளங்கள் உண்டு.

"சரி, இதெல்லாம் எனக்கு எதுக்கு?" என்கிறீர்களா? விமானம் வருவது நின்றதால் மட்டும் அரசு நிலம் தனியார் நிலமாகிவிடாது. புல் முளைத்த ஓடுதளம் பார்வைக்குக் காலி மனை மாதிரிதான் இருக்கும். முன்பணம் கொடுக்கும் முன் இவற்றைச் செய்யுங்க:

1. கைப்பேசி வரைபடத்தில் செயற்கைக்கோள் காட்சியைத் திறங்க. வயல் வரப்புகளை வெட்டிக்கொண்டு ஒரு கிலோமீட்டருக்கு மேல் நேர்க்கோடு போனால், அதைப் பற்றி விசாரிங்க.

2. தமிழக அரசின் இணையவழி நிலச் சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்து அ-பதிவேடு, புலப்படம் இரண்டையும் பாருங்க. அது புறம்போக்கா என்பதையும் அங்கேயே சரிபார்க்கலாம்.

3. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று பாருங்க. சந்தேகம் இருந்தால் வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்க.

4. ஊர்ப் பெரியவர்களிடம் பேசுங்க. வரலாற்று ஆர்வம் இருந்தால், சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய கோப்புகளைத் தேடலாம்.

ஒரு எச்சரிக்கை: பாதுகாப்புத் துறை வசமுள்ள தளங்களுக்குள் அனுமதியின்றி நுழையவோ படமெடுக்கவோ கூடாது.

உத்திரமேரூர் கதையைக் கல் காப்பாற்றியது. ஓடுதளத்தின் கதை இருப்பது புல எண்ணிலும் தாத்தா பாட்டியின் நினைவிலும்தான். புல எண்ணை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். தாத்தாவிடம் இந்த வாரமே கேட்டுடுங்க.