தாலிக்கொடியை ஈடு வைக்க முன்

அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து நான்காம் மாதம், அயல் அக்கா ஒருவர் துண்டுப்பிரசுரம் ஒன்றைக் கொண்டுவந்தார். இந்தியாவிலுள்ள ஒரு தனியார் வைத்தியசாலையினுடையது. "ஸ்டெம் செல் ஊசி போட்டால் எழும்பி நடப்பாவாம் பிள்ளை" என்றார். இத்தனை இடப்பெயர்விலும் அம்மா மடியில் கட்டிக் காப்பாற்றிய தாலிக்கொடி ஒன்றுதான் எங்களிடம் மிச்சம். அதை ஈடு வைக்கத் துணிந்துவிட்டேன்.

கிளினிக்கில் டொக்டரிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, ஏசவுமில்லை. அவர் சொன்னதையும் பிறகு நான் தேடி வாசித்ததையும் எழுதுகிறேன்.

ஸ்டெம் செல் என்பது வேறு வகைக் கலங்களாக மாறக்கூடிய மூலக்கலம். இடுப்பெலும்பின் மச்சையிலிருந்தும் எடுக்கலாம். இரத்தம் கிடைக்காமல் இறந்துபோன மூளைப் பகுதியை இது திருத்தும் என்பதே எதிர்பார்ப்பு. 2016இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் வைத்தியர்கள், 18 பேரின் மண்டையோட்டில் சிறு துளையிட்டு இக்கலங்களைச் செலுத்தியதில் சிலருக்குக் கைகால் அசைவு கூடியதாக எழுதினார்கள். உலகமே பேசியது. ஆனால் 163 பேரைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்குக் கலம் செலுத்தாமல் ஒப்பிட்டுப் பார்த்தபோது எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை என்று 2019இல் தெரியவந்தது. இந்தியாவிலேயே 120 பேரிடம் மச்சைக் கலங்களைப் பரிசோதித்தார்கள். 2014இல் வந்த முடிவு: ஆபத்தில்லை, பலனுமில்லை.

ஆபத்தில்லை என்பதும் முறையான ஆராய்ச்சியில்தான். பணம் கட்டிப் பல நாடுகளில் ஊசி போட்ட 66 வயது அமெரிக்கருக்கு, வேறொருவரின் கலங்கள் முள்ளந்தண்டில் கட்டியாக வளர்ந்தன. 2016இல் மருத்துவச் சஞ்சிகையில் வந்த செய்தி இது.

"ஆராய்ச்சி எண்டால் உங்களிட்டக் காசு கேக்கக் கூடாது அம்மா" என்றார் டொக்டர்.

தாலிக்கொடி பெட்டியிலேயே இருக்கிறது. இயன்மருத்துவப் பிள்ளை காட்டித் தந்தபடி கதிரையிலிருந்து எழும்பி இருப்பதும், ஈரத்துணி பிழிவதும், சுளகில் பயறு பொறுக்குவதும் நாள் தவறாமல் நடந்தன. அம்மாவுக்குச் சலிப்பு, எனக்கு அதைவிடச் சலிப்பு. எட்டாம் மாதம் பொல்லூன்றிக் கிணற்றடிவரை போனார். வலக்கை விரல்கள் இன்னும் மடங்கவில்லை.

என் மனதை அறுப்பது வேறொன்று. பிரஷர் குளிசையை அம்மா நிறுத்தியது எனக்குத் தெரியும். வாய் கோணிய அன்று காலை, எண்ணெய் தேய்த்துப் பார்த்துக்கொண்டு பின்னேரம்வரை வீட்டிலேயே இருந்தோம். ஸ்கான் எடுத்து இரத்தக்கட்டி என்று கண்டால், வசதியுள்ள வைத்தியசாலையில் நாலரை மணித்தியாலத்துக்குள் அதைக் கரைக்கும் மருந்து ஏற்றலாமாம். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாகவே வரும். அந்த இலக்கத்தை இப்போது அடுப்படிக் கதவில் கரியால் எழுதி வைத்திருக்கிறேன்.