மூக்குத் தண்டு வளைந்திருந்தால் சைனஸ்தானா?

தலைபாரம், மூக்கடைப்பு என்று போனால் ஸ்கேன் எடுக்கிறார்கள். "தண்டு வளைஞ்சிருக்கு" என்றதுமே நமக்குப் பாதி உயிர் போய்விடுகிறது, இல்லையா? என் நாத்தனார் மகளும் அப்படித்தான் கலங்கினாள். அவளோடு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய் நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

இரு நாசிகளுக்கும் நடுவிலுள்ள தடுப்பு, நூல் பிடித்தாற்போல் நேராக இருப்பவர்கள் குறைவுதான். தொல்லையே இல்லாதவர்களின் ஸ்கேனிலும் வளைவு தெரியும்.

அப்போ சைனஸ் எப்படி வருகிறது? மூக்கைச் சுற்றி நாலு ஜோடி காற்றறைகள் உண்டு. கன்னத்து அறைக்கு வாசல் அடியில் இல்லை, மேலே இருக்கிறது! கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள்தான் சளியை மேலே தள்ளுகின்றன. ஜலதோஷத்திலோ அலர்ஜியிலோ வாசல் வீங்கி அடைத்தால் சளி தேங்கிவிடும். வளைவு அந்த வழியை நெருக்கினால்தான் வம்பு.

ஆகவே முதலில் மருந்துதான்: டாக்டர் சொல்லும் ஸ்பிரே, உப்புநீரால் மூக்கைக் கழுவுதல். நீர் கட்டாயம் கொதித்து ஆறியதாக இருக்கட்டும். 12 வாரத்துக்கு மேலும் நீடித்து, மருந்துக்கும் அடங்காவிட்டால் ஆபரேஷனைப் பற்றிப் பேசலாம். "இந்த வளைவு வாசலை அடைக்கிறதா, டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரண்டாகத் தெரிவது, காய்ச்சலோடு கடும் தலைவலி என்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். குழந்தைக்கு ஒரு நாசியில் மட்டும் நாற்றச் சளியா? பட்டாணியோ மணியோ உள்ளே இருக்கலாம். நீங்களே நோண்டாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள்.