18 விழுக்காடு உச்சவரம்பு அன்று: கல்லூரிச் சேர்க்கை குறித்த தவறான எண்ணங்கள்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் மே மாதத்தில் வெளிவருகின்றன. மேட்டூர் அணை திறக்கப்படும் வழக்கமான நாள் ஜூன் 12. காவிரிப் படுகையில் குறுவைப் பணிகள் தொடங்கும் அதே வாரங்களில்தான் கல்லூரிச் சேர்க்கையும் நடைபெறுகிறது. திருப்பனந்தாள் வட்டாரத்தின் விவசாயக் கூலிக் குடும்பங்களில், கையில் பணம் இல்லாத காலமும் பிள்ளையின் படிப்பைப் பற்றி முடிவெடுக்க வேண்டிய காலமும் ஒன்றாகவே வந்து நிற்கின்றன. அந்த நெருக்கடியில் சட்டம் சேரியை வந்தடைவதற்கு முன்பே வதந்தி வந்துவிடுகிறது.

இவ்வதந்திகளின் தீமை கண்ணுக்குத் தெரிவதில்லை. விண்ணப்பித்து மறுக்கப்பட்ட மாணவருக்கு முறையிட ஓர் ஆவணம் இருக்கிறது. ‘நமக்குக் கிடைக்காது’ என்று விண்ணப்பிக்காமலே விலகிய மாணவர் எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறுவதில்லை. எனவே பரவலாக உள்ள சில தவறான எண்ணங்களை ஒவ்வொன்றாக ஆராய்வது தேவையாகிறது.

முதலாவது, ‘மடத்துக் கல்லூரியில் நமக்கு என்ன உரிமை?’ என்பது. திருப்பனந்தாள் என்றதும் காசித் திருமடம் நினைவுக்கு வரும். ஊரின் கலைக் கல்லூரியும் அம்மடத்தின் பெயரோடு இணைந்ததே. மடங்களும் கோயில்களும் மிராசுதாரர்களும் நிலவுடைமையாளர்களாக இருந்த தஞ்சைப் பகுதியில், பண்ணையாட்களாக உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தத் தயக்கம் ஏற்படுவது இயல்பே. ஆயினும் அது ஓர் அரசு உதவிபெறும் கல்லூரி. உதவிபெறும் பணியிடங்களின் ஊதியம் மக்களின் வரிப்பணத்திலிருந்து வருகிறது. 2005ஆம் ஆண்டின் 93ஆவது அரசமைப்புத் திருத்தம் 15(5) என்னும் உட்பிரிவைச் சேர்த்தது. அதன் வழியில் தமிழ்நாடு 2006இல் தனியார் கல்வி நிறுவனங்களுக்கான இடஒதுக்கீட்டுச் சட்டத்தை இயற்றியது. உதவிபெறும் நிறுவனமாயினும் உதவிபெறாத நிறுவனமாயினும், சிறுபான்மையினர் நிறுவனங்கள் நீங்கலாக, இச்சட்டம் பொருந்தும். ஆகவே அங்கு இடம் கேட்பது மடத்தின் தயவை நாடுவதாகாது.

இங்கு ஒரு நடைமுறைச் செய்தியையும் அறிந்திருக்க வேண்டும். அரசு கலை, அறிவியல் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளத்தின் வழியாக விண்ணப்பிக்கலாம். அண்மை ஆண்டுகளில் பிறர் அதற்கு 50 ரூபாய் செலுத்த, பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் பதிவுக் கட்டணமாக 2 ரூபாய் மட்டுமே செலுத்தினர். அந்த விண்ணப்பம் உதவிபெறும் கல்லூரிகளுக்குச் செல்லாது. அவற்றுக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். கும்பகோணம் அரசுக் கல்லூரிக்கு விண்ணப்பித்துவிட்டு, உள்ளூர்க் கல்லூரிக்கும் அதுவே போதும் என்று இருந்துவிடக் கூடாது.

இரண்டாவது எண்ணமே மிகுந்த இழப்பைத் தருவது: ‘நமக்கு உள்ளது 18 விழுக்காடுதான், மீதி மற்றவர்களுக்கு’ என்பது. தமிழ்நாட்டில் 100 இடங்கள் உள்ள ஒரு பாடப்பிரிவை எடுத்துக்கொள்வோம். பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, பட்டியல் சாதியினருக்கு 18, பழங்குடியினருக்கு 1 என 69 இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. பட்டியல் சாதியினரின் 18இல் 3 இடங்கள் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அருந்ததியருக்கு உரியவை. எஞ்சிய 31 இடங்கள் பொதுப்போட்டிக்கு உரியவை.

அந்த 31 இடங்கள் முன்னேறிய சாதியினருக்கான ஒதுக்கீடு என்றே பலரும் எண்ணுகின்றனர். அது தவறு. விண்ணப்பித்த அனைவரையும் மதிப்பெண் வரிசையில் நிறுத்தி, சாதி பாராமல் முதலில் அந்த 31 இடங்களை நிரப்ப வேண்டும். அவ்வரிசையில் ஐந்து தலித் மாணவர்கள் இருந்தால், அவர்கள் பொதுப்போட்டியில் இடம்பெறுவர். 18 இடங்களில் ஒன்றும் குறையாது. மொத்தம் 23 பேர் சேர்வர். அந்த ஐவரையும் 18க்குள் கணக்கிட்டால், வரிசையில் அடுத்து நிற்கும் ஐந்து தலித் மாணவர்களின் இடம் பறிபோகிறது. பொதுப்பிரிவு எந்தச் சாதிக்கும் உரிய ஒதுக்கீடு அன்று என்பதை உச்ச நீதிமன்றம் 2020இல் சௌரவ் யாதவ் வழக்கிலும், மருத்துவச் சேர்க்கை தொடர்பாக 2024இல் ராம்நரேஷ் வழக்கிலும் தெளிவுபடுத்தியுள்ளது.

மூன்றாவது, ‘முதலில் பணம் கட்ட வேண்டும், உதவித்தொகை பிறகு வரும்’ என்பது. கந்துவட்டிக்குக் கடன் வாங்கச் செய்வது இந்த நம்பிக்கைதான். பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு மெட்ரிக் பிந்தைய கல்வி உதவித்தொகை உண்டு. தமிழ்நாடு அரசின் 2012ஆம் ஆண்டு அரசாணை எண் 92, சுயநிதிக் கல்லூரிகளில் சேரும் இம்மாணவர்களின் கட்டாயக் கட்டணங்களை அரசே ஏற்பதற்கு வழிசெய்தது. கிறித்தவத்திற்கு மாறிய ஆதிதிராவிடரும் அதில் அடங்குவர். இடஒதுக்கீட்டில் இவர்கள் பிற்படுத்தப்பட்டோராகக் கருதப்படுவதால், உதவித்தொகையும் கிடையாது என்று பலர் விட்டுவிடுகின்றனர். இரண்டும் வெவ்வேறு.

இதற்கு நேர்மாறான ஓர் எண்ணமும் உண்டு: ‘எந்த வழியில் சேர்ந்தாலும் உதவித்தொகை கிடைக்கும்’ என்பது. இடைத்தரகர்கள் சொல்வது இதுவே. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களை ஒன்றிய அரசின் உதவித்தொகை விதிகள் விலக்கியுள்ளன. ஆகவே, எந்த ஒதுக்கீட்டில், உதவிபெறும் பிரிவிலா சுயநிதிப் பிரிவிலா இடம் அளிக்கப்படுகிறது என்பதைக் கேட்டறிந்த பின்னரே சேர வேண்டும்.

நான்காவது, ‘ஓர் உதவி பெற்றால் மற்றொன்று கிடைக்காது’ என்பது. அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பயின்ற மாணவியருக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வழங்கப்படுகிறது. பிற உதவித்தொகை பெறுவது இதற்குத் தடையாகாது.

ஐந்தாவது, ‘சான்றிதழைக் கொடுத்துவிட்டால் அந்தக் கல்லூரியை விட்டு வர முடியாது’ என்பது. மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்தபின் மாணவரிடமே திருப்பித் தர வேண்டும், கட்டண நிலுவையைக் காரணம் காட்டி வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவுறுத்தியுள்ளது.

இச்செய்திகளைச் சொல்வதோடு செயற்பாட்டாளர்களின் பணி முடிவதில்லை. தேர்வு முடிவுக்கு முன்பே, ஏப்ரல் மாதத்திலேயே, சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் கையில் இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். இ-சேவை மையத்தில் பதிந்த விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலரையும் வருவாய் ஆய்வாளரையும் கடந்து திருவிடைமருதூர் வட்டாட்சியரை அடைய நாட்கள் பிடிக்கும். உதவித்தொகை நேரடியாக வங்கிக் கணக்கிற்கு வருவதால், மாணவரின் பெயரிலான கணக்கு ஆதாருடன் இணைந்திருக்க வேண்டும்.

சேர்க்கை முடிந்ததும் செய்ய வேண்டிய பணி ஒன்று உண்டு. ஒவ்வொரு பாடப்பிரிவின் தரவரிசைப் பட்டியலையும், எவர் எந்தப் பிரிவில் சேர்க்கப்பட்டார் என்ற விவரத்தையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெறலாம். அரசு நிதி பெருமளவில் பெறும் கல்லூரிகளும் அச்சட்டத்திற்கு உட்பட்டவையே. விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். பதிலுக்கான காலம் 30 நாட்கள். பொதுப்போட்டியில் இடம்பெற வேண்டிய தலித் மாணவர் 18க்குள் தள்ளப்பட்டிருந்தால் அந்தப் பட்டியலில் அது தெரிந்துவிடும்.