விழுந்தது தப்பில்லை, மூன்று வாரம் கழித்து வந்ததுதான் தப்பு!

கட்டை அவிழ்க்கத் தொடங்கியதுமே உளுந்து மாவும் முட்டை வெள்ளைக்கருவும் புளித்த வாடை அறை முழுக்கப் பரவிவிட்டது. துணிக்கு அடியில் நான்கு மூங்கில் சிம்புகள். அவற்றுக்கு அடியில், சிம்பு அழுத்திய தடத்தோடு ஒரு வலது மணிக்கட்டு. விரல்கள் ஐந்தும் வீங்கிப் பளபளவென்று இருந்தன. அவருக்கு 46 வயது, திண்டுக்கல்லில் கடை வைத்திருக்கிறார். விழுந்து 19 நாள் ஆகியிருந்தது.

"எப்படி விழுந்தீங்க?" என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். மனைவிதான் பதில் சொன்னார்: "பையனோட சைக்கிள்ல முன் சக்கரத்தைத் தூக்கிக் காட்டினாரு சார்."

சிரிப்பு வந்தது. எக்ஸ்ரேயைப் பார்த்ததும் அது போய்விட்டது.

மாடிப்படிக்கு அடியிலிருந்து இறங்கும் சைக்கிள்

கொஞ்ச காலமாக இப்படிப்பட்டவர்களை அடிக்கடி பார்க்கிறேன். கதை பெரும்பாலும் ஒன்றுதான். பையன் ப்ளஸ் டூ முடித்துக் கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ படிக்கப் போய்விடுகிறான். அவனுடைய 20 அங்குலச் சக்கர பிஎம்எக்ஸ் சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் தூசி படிந்து கிடக்கிறது. அப்பாவுக்குத் தொப்பை விழுந்திருக்கிறது, சர்க்கரை எட்டிப் பார்க்கிறது. "சைக்கிள் ஓட்டுங்க" என்று யாரோ ஒரு டாக்டர், சில சமயம் நானே, சொல்லியிருப்போம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காற்றடித்து எடுத்துவிடுகிறார்.

இந்த வயதுக்காரர்கள் வாடகை சைக்கிள் எடுத்துக் குரங்கு பெடல் போட்டுப் பழகியவர்கள். கையை விட்டு ஓட்டியிருக்கிறார்கள், ட்ரிபிள்ஸ் அடித்திருக்கிறார்கள். சைக்கிளில் ஏறிய ஐந்தாவது நிமிடம் அந்தப் பையன் உள்ளே எழுந்துகொள்கிறான். வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நான் சைக்கிளுக்கு எதிரி அல்ல. 1970-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் மோட்டார் சைக்கிள் பந்தயத்தைப் பார்த்துச் சிறுவர்கள் ஆரம்பித்த விளையாட்டு இந்த பிஎம்எக்ஸ். 2008-ல் பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கே போய்விட்டது. உலகப் போட்டிகளில் 30 வயதைத் தாண்டியவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு, 50-ஐத் தாண்டியும் ஓட்டுகிறார்கள். ஆனால் அவர்கள் முகத்தையே மூடும் ஹெல்மெட், கையுறை, முழுக்கைச் சட்டை இல்லாமல் ஓடுபாதைப் பக்கம் தலைகாட்டுவதில்லை. நம்மவர் லுங்கியோடு இறங்குகிறார்!

ஓட்ட மறக்கவில்லை, விழ மறந்துவிட்டது

சைக்கிள் பழக்கம் உடம்பை விட்டுப் போகாது என்பார்கள். உண்மைதான். ஆனால் பத்து வயதில் நாம் ஓட்ட மட்டும் பழகவில்லை, விழவும் பழகினோம். வாரத்துக்கு நான்கு தடவை விழுந்து, உருண்டு, மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தோம். 30 கிலோ உடம்பு, பச்சைக் குச்சி போல வளைந்து கொடுக்கும் எலும்பு. இப்போது 80 கிலோ. எலும்பு வளையாது, உடையும். விழுகிற கணத்தில் கையை நீட்டி ஊன்றுகிறோம். மொத்த எடையும் மணிக்கட்டிலோ காரை எலும்பிலோ இறங்குகிறது.

சின்னச் சக்கரம் இன்னொரு சிக்கல். பெரிய சைக்கிள் உருண்டு கடந்துவிடும் பள்ளத்தில் 20 அங்குலச் சக்கரம் இறங்கி நின்றுவிடும். ஓட்டுபவர் மட்டும் ஹேண்டில் பாரைத் தாண்டிப் போவார். சீட்டும் தாழ்வு. பெடலில் எழுந்து நின்று ஓட்டுவதற்காகச் செய்த வண்டி அது. அதில் உட்கார்ந்தபடியே பழனி ரோட்டில் பத்து கிலோமீட்டர் மிதித்துவிட்டு, "முட்டி ஏன் சார் வலிக்குது?" என்று கேட்டால் என்ன சொல்வது?

கேட்டுக் கேட்டுச் சலித்த பேச்சுகள்

"விரல் ஆடுது, அப்ப எலும்பு உடையல." தினமும் கேட்கிறேன். விரலை ஆட்டுகிற தசைநார் வேறு, உடைந்த எலும்பு வேறு. மணிக்கட்டு எலும்பு மூன்று துண்டாக இருக்கும்போதே ஐந்து விரலையும் மடக்கிக் காட்டியவர்கள் உண்டு. கட்டை விரலை நிமிர்த்தினால் அதன் அடியில் ஒரு சின்னக் குழி விழும். அங்கே அழுத்தினால் வலிக்கிறதா? உள்ளே ஒரு குட்டி எலும்பு விரிசல் விட்டிருக்கலாம். முதல் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகலாம். அதனால்தான் பத்துப் பதினைந்து நாளில் மறுபடி வரச் சொல்கிறோம். "அதான் ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்களே" என்று வராமல் இருந்துவிடுகிறார்கள். ரத்த ஓட்டம் குறைந்து எலும்பின் ஒரு துண்டு செத்துப்போன பிறகு வருகிறார்கள்.

"சுளுக்குதான், உருவிவிட்டா சரியாயிடும்." முழங்கையில் அடிபட்டு வீங்கியிருக்கும்போது எண்ணெய் போட்டு உருவுவதைப் போல ஒரு கெடுதல் இல்லை. நைந்த தசைக்குள் ரத்தம் கசிந்திருக்கும். அதை மேலும் மேலும் நசுக்கினால் தசைக்குள்ளேயே எலும்பு வளரத் தொடங்கும். பிறகு முழங்கை பாதி மடக்கிலேயே நின்றுவிடும். சோற்றை எடுத்து வாய்க்குக் கொண்டுபோக முடியாது. உருவிய கைக்குக் காசும் கொடுத்து, இதையும் வாங்கி வருகிறார்கள்.

"மாவுக்கட்டு போட்டா கை விறைச்சுப் போயிடும், ஆஸ்பத்திரிக்குப் போனா ஆபரேஷன்தான்." இந்தப் பயத்தில்தான் நாட்டுக் கட்டுக்கு ஓடுகிறார்கள். காரை எலும்பு முறிவுகளில் பெரும்பாலானவை கையைத் தூளியில் தொங்கவிட்டாலே ஆறு முதல் எட்டு வாரத்தில் கூடிவிடும், கத்தியே வேண்டாம். நாட்டுக் கட்டில் எனக்குள்ள பயம் அதன் இறுக்கம். அடிபட்ட இடம் முதல் இரண்டு நாள் வீங்கிக்கொண்டே போகும். கட்டு விரிந்து கொடுக்காது. ரத்தம் போகாத தசை ஆறு மணி நேரத்தில் சாகத் தொடங்குகிறது. விரல் மரத்துப்போனால், நீலம் பாய்ந்தால், விரலை நிமிர்த்தும்போது உயிர் போகிற வலி வந்தால் கட்டை உடனே அவிழ்க்க வேண்டும். அது நாங்கள் போட்ட மாவுக்கட்டாகவே இருந்தாலும் சரி. "வலிச்சாத்தான் எலும்பு கூடுதுன்னு அர்த்தம்" என்று யாரோ சொன்னார்களாம். அதை நம்பிப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவர்களின் கை கொக்கி போல மடங்கிப்போயிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

"தலையில ரத்தமே வரலை சார்." வெளியே வராததுதான் பயம். தலையில் அடிபட்டவர் எழுந்து, சட்டையைத் தட்டி, டீ குடித்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். மண்டை ஓட்டுக்கு உள்ளே ரத்தம் கட்டிக்கொண்டிருக்கும். சில மணி நேரத்தில் வாந்தி, அதிகத் தூக்கம், குழறல். "களைச்சுப் போயிட்டாரு, தூங்கட்டும்" என்று விட்டுவிடுவார்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்து ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். வயது ஏற ஏற, இரண்டு மூன்று வாரம் கழித்துக்கூடத் தலைவலி, நடையில் தடுமாற்றம் என்று இது வெளிப்படும். அப்போது அந்தச் சைக்கிள் விழுந்ததை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

"ஹேண்டில் பார் வயித்துல லேசா குத்துச்சு, அவ்வளவுதான்." தோலில் ஒரு வட்டத் தடம் மட்டும் இருக்கும். உள்ளே கல்லீரல், மண்ணீரல், கணையம் எதுவும் கிழிந்திருக்கலாம். ரப்பர் பிடி கழன்று இரும்புக் குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஹேண்டில் பார் ஒரு வெட்டுக்கருவி என்றே நினைத்துக்கொள்ளுங்கள். வயிற்று வலி கூடிக்கொண்டே போனால் சுக்குக் கஷாயம் வைத்துக் குடிக்காதீர்கள், கிளம்பி வாருங்கள்.

"காயத்துல காபித்தூள் வெச்சோம்." காபித்தூள், சுண்ணாம்பு, பற்பசை, மஞ்சள், மண் எதுவும் வேண்டாம். காயத்தைச் சுத்தம் செய்யும் முன் அந்தத் தூளைச் சுரண்டி எடுப்பதே எங்களுக்குப் பாதி வேலை, உங்களுக்கு முழு வேதனை. ஓடுகிற குழாய்த் தண்ணீரும் சோப்பும் போதும். துருப்பிடித்த ஆணி குத்தினால்தான் ஊசி என்பதும் தவறு. ரண ஜன்னிக் கிருமி மண்ணிலேயே இருக்கிறது. கடைசியாக எப்போது தடுப்பூசி போட்டீர்கள் என்று நினைவில்லையென்றால் போட்டுக்கொள்ளுங்கள்.

"ஓட்டும்போது நெஞ்சைப் பிடிச்சது, வாயுதான், சோடா குடிச்சேன்." இருபது வருடம் நாற்காலியில் உட்கார்ந்த இதயத்தை ஒரே காலையில் மேட்டில் ஏற்றினால் அது சும்மா இருக்காது. நடு நெஞ்சில் இறுக்கம், இடது கையிலோ தாடையிலோ வலி, வேர்த்துக் கொட்டுவது இவற்றை வாயு என்று முடிவு செய்யும் உரிமை ஈசிஜிக்கு மட்டுமே உண்டு, சோடாக் கடைக்கு இல்லை.

அந்த ஒரு செட்டு மாத்திரை

மெடிக்கலில் போய் "உடம்பு வலிக்கு ஒரு செட்டு" என்கிறார்கள். ஒரு காகிதப் பொட்டலத்தில் மூன்று நான்கு நிற மாத்திரைகள், பெயர் கிடையாது. ஒன்று டைக்குளோஃபெனாக்காக இருக்கும். இன்னொன்று பல நேரம் ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு போட்டதும் வீக்கம் இறங்கி, உடம்பு பறக்கிற மாதிரி இருக்கும். "நல்லா கேக்குது சார்!" எலும்பு உடைந்தது உடைந்தபடியே இருக்க, வலி மட்டும் மறைந்துபோகிறது. அந்தத் தைரியத்தில் மறுபடி சைக்கிளில் ஏறுகிறார்கள். சர்க்கரை எகிறுகிறது, வயிறு புண்ணாகிறது. வலி மாத்திரையை வாரக்கணக்கில் விழுங்கினால் சிறுநீரகம் கெடும், இதயத்துக்கும் நல்லதில்லை. பிறந்த குழந்தைக்குப் பெயர் வைக்க ஜோசியரைக் கேட்கிறோம், விழுங்குகிற மாத்திரைக்குப் பெயர் என்ன என்று கேட்கக்கூடாதா?

சோதனைகள்

விழுந்தவருக்கு எக்ஸ்ரே, தேவைப்பட்டால் ஸ்கேன். ஓட்டத் தொடங்குமுன் ரத்த அழுத்தம், சர்க்கரை, ஒரு ஈசிஜி.

கெஞ்சிக் கேட்கிறேன்

ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க நேரமில்லை என்று சொல்லாதீர்கள். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வந்து பார்க்கிறார்கள்.

முதல் மாதம் சமதரையில் இருபது நிமிடம், ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். எடுத்த எடுப்பில் சிறுமலைக்குக் கிளம்பாதீர்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் பயம். 18 கொண்டை ஊசி வளைவுகள் அங்கே இருக்கின்றன, ஸ்டண்டுக்கென்று முன் பிரேக்கைக் கழற்றிய வண்டி ஒன்றில்கூட நிற்காது. வழக்கமாக ஓட்டுவதற்கு உங்கள் உயரத்துக்கு ஏற்ற சைக்கிளை வாங்கிக்கொள்ளுங்கள். சின்ன சைக்கிள்மீதுதான் ஆசை என்றால், காலி மைதானத்தில், கையுறையும் முட்டிக் காப்பும் போட்டு ஓட்டுங்கள்.

ஹெல்மெட் போடுங்கள். சைக்கிளுக்குச் சட்டம் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். வேட்டி, லுங்கி, துப்பட்டா செயினில் சிக்கும், வேண்டாம். சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டு வெறும் டீயோடு கிளம்பாதீர்கள், பாதி வழியில் கண் இருட்டும். இட்லி இரண்டாவது சாப்பிடுங்கள், பையில் மிட்டாய் வைத்திருங்கள். சித்திரை வெயிலில் எட்டு மணிக்கு மேல் திண்டுக்கல் ரோட்டில் வேலை இல்லை, வீடு திரும்புங்கள். விடியாத இருட்டில் ஓட்டுகிறவர்கள் விளக்கு மாட்டுங்கள். தைப்பூச நாட்களில் பழனி ரோட்டில் பாதயாத்திரை பக்தர்கள் நடக்கிறார்கள், அவர்கள் உயிரும் உங்கள் கையில். பேரன் பேத்தி கேட்டாலும் முன் சக்கரத்தைத் தூக்கிக் காட்டாதீர்கள். தயவுசெய்து!

விழுந்தே விட்டால்

கையை அசைக்காமல் ஒரு அட்டையோ சுருட்டிய செய்தித்தாளோ வைத்துத் துணியால் தளர்வாகக் கட்டுங்கள். மோதிரத்தை உடனே கழற்றுங்கள், வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். முதல் இரண்டு நாள் துணியில் சுற்றிய ஐஸ்தான், வெந்நீர் ஒத்தடம் கூடாது. நினைவு தவறியிருந்தால் வாயில் தண்ணீர் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். நம் ஊரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை வரம்புக்கு உட்பட்டு அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டமும் 2021 டிசம்பர் முதல் நடப்பில் உள்ளது. செலவுக்குப் பயந்து வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

அந்த 46 வயதுக்காரருக்கு, கோணலாகக் கூடத் தொடங்கியிருந்த எலும்பை அறுத்துத் திரும்பப் பொருத்தித் தகடு வைத்தோம். அன்றைக்கே வந்திருந்தால் இழுத்து நேராக்கி ஆறு வாரம் மாவுக்கட்டோடு போயிருக்கும். எலும்பு கூடிவிட்டது, மணிக்கட்டு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. பூட்டுக்குப் பெயர் போன ஊரில் கடை வைத்திருக்கிறார், காலையில் ஷட்டர் பூட்டில் சாவியைத் திருப்ப முடியவில்லை. மனைவிதான் வந்து திறந்துவிட்டுப் போகிறார்.

சைக்கிள் ஓட்டுங்கள். ஆசை இருக்கும்வரை, கால் மிதிக்கும்வரை ஓட்டுங்கள். விழுந்தால் வெட்கப்படாதீர்கள், நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். ஆனால் விழுந்த அன்றைக்கே வாருங்கள்.