கார் ரெடி, பிளக் எங்கே?

எலக்ட்ரிக் காரை வாங்கிவிடலாம். இரவில் அதை எங்கே சார்ஜ் செய்வது என்பதில்தான் சிக்கல்.

பெங்களூரில் 2001-ல் ரேவா கார் வந்தபோது அதை வாங்கியவர்களுக்குப் பெரிய வசதி எதுவும் தேவைப்படவில்லை. ஒரு 15 ஆம்பியர் பிளக் போதும். எட்டு மணி நேரம் சார்ஜ் ஏறினால் சுமார் 80 கி.மீ. ஓடும். ஒரே நிபந்தனை: கார் நிற்கும் இடத்தில் அந்த பிளக் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு பேட்டரி மாறிவிட்டது, கார் ஓடும் தூரமும் கூடிவிட்டது. நிபந்தனை மட்டும் மாறவில்லை.

தனி வீட்டுக்காரருக்குக் கவலையில்லை. தலைவலி அடுக்குமாடிவாசிகளுக்குத்தான். வீடு மூன்றாவது மாடியில், கார் கீழ்த்தளத்தில். மீட்டரிலிருந்து கார் வரை கேபிள் இழுக்கக் குடியிருப்போர் சங்கம் சம்மதிக்க வேண்டும். பொது இணைப்பில் எடுத்தால் பில்லை யார் கட்டுவது என்று தகராறு. தீப்பிடித்தால் யார் பொறுப்பு என்பது அடுத்த கேள்வி. வாடகைக்கு இருப்பவர் வீட்டு உரிமையாளரிடமும் கெஞ்ச வேண்டும்.

சங்கங்களின் பயத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. வீட்டில் பொருத்தும் பெரிய சார்ஜர் 7.2 கிலோவாட் இழுக்கும். பல வீடுகளுக்கு அனுமதிக்கப்பட்ட மின்சுமையே அதைவிடக் குறைவு. மாலையில் ஆபீசிலிருந்து திரும்பிய பத்துப் பேர் ஒரே நேரத்தில் பிளக்கைச் செருகினால் 72 கிலோவாட். பழைய கட்டடத்தின் ஒயரிங் இதற்காகப் போடப்பட்டதல்ல. எர்த் சரியில்லையென்றால் பல கார்கள் சார்ஜ் ஏறவே மறுக்கும். மலிவான எக்ஸ்டென்ஷன் ஒயரை இழுத்து இரவெல்லாம் விட்டால் அது சூடேறி உருகும் அபாயம் உண்டு.

இத்தனைக்கும் விதிகள் கார்காரர் பக்கம்தான் இருக்கின்றன. சார்ஜ் செய்து தருவது மின்சார விற்பனையல்ல, சேவை. அதற்கு லைசென்ஸ் வேண்டாம் என்று மத்திய மின் அமைச்சகம் 2018-ல் தெளிவுபடுத்தியது. புதிய கட்டடங்களின் பார்க்கிங்கில் 20 சதவீதம் சார்ஜ் வசதியுடன் இருக்க வேண்டும் என்று மாதிரிக் கட்டட விதிகள் 2019-ல் திருத்தப்பட்டன. குடியிருப்புகளில் காருக்கெனத் தனி மின் இணைப்பு கேட்கும் உரிமையை 2024 பிப்ரவரியில் வந்த மின் நுகர்வோர் விதிகள் தந்தன. ஆனால் மாதிரி விதிகளை மாநிலங்கள் ஏற்க வேண்டும். ஏற்றாலும் பழைய கட்டடங்கள் அப்படியே நிற்கும்.

பொது நிலையத்துக்குப் போகலாமே? 2024 இறுதியில் நாடு முழுவதும் சுமார் 25,000 பொது சார்ஜிங் நிலையங்கள் இருந்தன, கர்நாடகத்துக்கு முதலிடம். ஆனால் எண்ணிக்கையை மட்டும் நம்பிப் புறப்பட முடியாது. தேடிப் போன இடத்தில் சார்ஜர் பழுதாகியிருக்கலாம், அதன் முன் பெட்ரோல் கார் நிற்கலாம். கம்பெனிக்கு ஒரு செயலி; ஒவ்வொன்றிலும் முன்பணம் போட வேண்டியிருக்கலாம். வேக சார்ஜரிலும் 80 சதவீதத்துக்கு மேல் மின்சாரம் ஏறுவது மந்தமாகிவிடும். கடைசி 20 சதவீதத்துக்காகக் காத்திருப்பவருக்குப் பின்னால் வரிசை நீளும்.

பணக் கணக்கு இன்னும் உறுத்தும். 200 கி.மீ. ஓட 30 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் யூனிட் 8 ரூபாய் என்றால் செலவு 240 ரூபாய். பொது வேக சார்ஜரில் யூனிட் 20 ரூபாய் என்றால் 600, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. ஆக மொத்தம் 708. ஏறக்குறைய மூன்று மடங்கு. சொந்தமாக பிளக் இருப்பவருக்கு மலிவு, இல்லாதவருக்கு அபராதம்.

வேடிக்கை என்னவென்றால், நகரவாசிக்குத் தேவைப்படுவது அதிகமில்லை. தினம் 40 கி.மீ. ஓட்டுபவருக்கு இதே கணக்கில் 6 யூனிட் போதும். 15 ஆம்பியர் பிளக்கில் இரண்டு, மூன்று மணி நேர வேலை. பத்துக் கார்களும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் இழுக்க வேண்டியதில்லை. சுமையைப் பகிர்ந்து, நள்ளிரவுக்குப் பின் முறைவைத்து ஏற்றும் சார்ஜர்களும் கிடைக்கின்றன. சரியான ஒயரிங், தனி மீட்டர், சங்கக் கூட்டத்தில் ஒரு தீர்மானம். இந்த மூன்றில் கடைசியானதுதான் கிடைப்பதற்கு அரிதாக இருக்கிறது.