பட்டகத்தின் அடி எது?



நடுநிலை வகுப்புகளில் கணக்குப் பாடம் நடத்திய நாட்களில் நான் வழக்கமாக ஒரு கேள்வி கேட்பதுண்டு. "பட்டகத்தின் கன அளவு யாது?" என்றால், "அடிப்பரப்பு பெருக்கல் உயரம்" என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் விடை கூறும். "நன்று, அடி என்பது எது?" என்று அடுத்துக் கேட்டால் அமைதி நிலவும். பின்னர்ச் சிலர், "தரையில் படிந்திருக்கும் பக்கம்" என்பர். அவ்விடை எப்போதும் பொருந்துவதன்று. அது எவ்வளவு பெரிய தவற்றிற்கு இடந்தரும் என்பதையே இன்று காண்போம்.

ஒன்றுக்கொன்று இணையாகவும், வடிவிலும் அளவிலும் முற்றும் ஒத்தனவாகவும் அமைந்த இரண்டு பலகோண முகங்களைக் கொண்ட திண்மம் பட்டகம். அம்முகங்களுக்கு இணையாக எவ்விடத்தில் வெட்டினாலும் அதே வடிவம் கிடைக்கும். அவ்விரு முகங்களுள் ஒன்றே அடி. அவற்றிற்கு இடைப்பட்ட செங்குத்துத் தொலைவே உயரம். பட்டகம் நின்றாலும் படுத்துக் கிடந்தாலும் இது மாறுவதில்லை.

இனி, பெருக்குவது ஏன்? 5 செ.மீ. நீளமும் 4 செ.மீ. அகலமும் 6 செ.மீ. உயரமும் உள்ள ஒரு பெட்டியில், பக்கம் 1 செ.மீ. உள்ள சிறு கனச்சதுரங்களை அடுக்குங்கள். முதல் அடுக்கில் 20 அமையும். அத்தகைய அடுக்குகள் 6. ஆகவே மொத்தம் 120. பெட்டியை மேலிருந்து கீழாக மூலைவிட்டத்தின் வழியே பிளந்தால், சமமான இரு முக்கோணப் பட்டகங்கள் கிடைக்கும்; ஒவ்வொன்றும் 60 கன செ.மீ. அதன் அடிப்பரப்பு 10, உயரம் 6, பெருக்கினாலும் 60 தான். எந்தப் பலகோணத்தையும் முக்கோணங்களாகப் பிரிக்கலாம் அல்லவா? ஆதலால் இவ்விதி எல்லாப் பட்டகங்களுக்கும் பொருந்துகிறது.

நான் ஒரு சிற்றூரில் பணியாற்றியபோது, என் மாணவன் ஒருவனுடைய தந்தை வாய்க்கால் வெட்டும் வேலைக்குச் சென்றிருந்தார். வெட்டிய மண்ணின் கன அளவுக்கே கூலி. வாய்க்காலின் மேல் அகலம் 3 மீட்டர், கீழ் அகலம் 1 மீட்டர், ஆழம் 1.5 மீட்டர், நீளம் 40 மீட்டர். கணக்கெடுத்தவர் அடித்தரையின் பரப்பாகிய 40 சதுர மீட்டரை ஆழத்தால் பெருக்கி, 60 கன மீட்டர் என்று எழுதிவிட்டார். கரைகளின் சரிவில் வெட்டிய மண் கணக்கில் வரவேயில்லை.

அன்று மாலை அம்மாணவன் அக்கணக்கை என்னிடம் கொண்டுவந்தான். "ஐயா, வாய்க்கால் படுத்துக் கிடக்கும் பட்டகந்தானே? அப்படியானால் அதன் குறுக்குவெட்டுத்தானே அடி?" என்று கேட்டான். குறுக்குவெட்டு ஒரு சரிவகம். 3, 1 ஆகியவற்றின் சராசரி 2, அதனை 1.5 ஆல் பெருக்கப் பரப்பு 3 சதுர மீட்டர். வாய்க்காலின் நீளமே பட்டகத்தின் உயரம். 3 பெருக்கல் 40, 120 கன மீட்டர். உழைத்தவர்களுக்குச் சேர வேண்டிய கூலியில் சரிபாதி, அடி எது என்று அறியாததால் மறைந்திருந்தது! மறுநாள் மீண்டும் அளந்து, முழுக் கூலியும் கொடுக்கப்பட்டது.

மண் வெட்டும் கணக்கு நம் நாட்டிற்குப் புதியதன்று. பாஸ்கராசாரியர் 1150-ஆம் ஆண்டளவில் இயற்றிய லீலாவதியில் குழிக் கணக்குக்கென்றே ஒரு பகுதி உண்டு. அகலமோ ஆழமோ இடத்துக்கு இடம் வேறுபட்டால், பல இடங்களில் அளந்து சராசரி காண வேண்டும் என்பது அங்குக் கூறப்படும் முறை.

மற்றொரு சிறு சோதனை. ஒரே அளவுள்ள குறிப்பேடுகளை நேராக அடுக்கிப் பின்னர் அடுக்கைச் சற்றே சாய்த்து விடுங்கள். தாள் கூடவுமில்லை, குறையவுமில்லை. கன அளவு அதுவே. ஆகவே சாய்ந்த பட்டகத்தில் சாய்ந்த விளிம்பை அளக்கலாகாது. செங்குத்து உயரத்தையே அளக்க வேண்டும். இக்கருத்தை இத்தாலியக் கணித அறிஞர் கவலியேரி 1635-இல் வெளியிட்ட தம் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

மாணவர்களே, பட்டகக் கணக்கு ஒன்றைக் கண்டவுடன் எண்களைப் பெருக்க விரையாதீர்கள். ஒத்த முகங்கள் இரண்டும் எவை என்று முதலில் தேடுங்கள். அவற்றைக் கண்டுவிட்டால், எஞ்சியது எளிய பெருக்கலே.